தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எத்தனை மணி நேரம்?

நுழையும்முன்

அயல்நாட்டிலிருந்து உறவினர் ஒருவர் வருகிறார் என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, எப்போது வந்து சேர்வார் என்பதே. அதற்கான விடை பயணச்சீட்டிலேயே அச்சாகியிருக்கும். ஆயினும் அதைப் பிழையின்றிப் படிக்கப் பூமியின் வடிவமும், வானத்துக் காற்றும், கடிகாரமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

பாடம்

அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை நண்பகல். தில்லியில் ஒரு வீட்டில் பெட்டி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. நாமக்கல்லிலிருந்து வந்திருந்த பாட்டி, மறுநாள் அதிகாலை 4 மணி விமானத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள மகள் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். அதுவே அவருடைய முதல் விமானப் பயணம். தமிழைத் தவிர வேறு மொழி அவருக்குத் தெரியாது.

அப்பா தம் அக்காவுக்குக் கைபேசியில் செய்தி அனுப்பினார். "அக்கா, அம்மா ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்குப் புறப்படுகிறார்கள். பதினான்கரை மணி நேரப் பயணம். ஞாயிறு மாலை ஆறரைக்கு வந்து சேர்வார்கள். விமான நிலையத்துக்கு வந்துவிடுங்கள்."

அருகில் அமர்ந்து பயணச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மகள் நிமிர்ந்தாள்.

"அப்பா, சீட்டில் ஞாயிறு காலை ஆறு மணி என்றல்லவா இருக்கிறது?"

"அச்சுப் பிழையாக இருக்கும். நான்கு மணிக்குப் புறப்பட்டு ஆறு மணிக்கு எப்படிப் போய்ச் சேர முடியும்?"

பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊரிலிருந்து சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் இரண்டு இரவு உறங்கி எழுந்துதான் தில்லிக்கு வந்தேன். அமெரிக்கா இரண்டு மணி நேரம்தானா, கண்ணு?"

"இல்லை, அப்பத்தா. சீட்டில் இருப்பதும் சரி, அப்பா சொல்லும் பதினான்கரை மணி நேரமும் சரி. அப்பா அத்தைக்குச் சொன்னதுதான் தவறு."

அவள் கூறியது உண்மை. பயணச்சீட்டில் புறப்படும் நேரம், புறப்படும் ஊரின் கடிகாரப்படி அச்சிடப்படும். சேரும் நேரம், சேரும் ஊரின் கடிகாரப்படி அச்சிடப்படும். அப்பா நான்குடன் பதினான்கரையைக் கூட்டினார். கிடைத்த மாலை ஆறரை மணி, தில்லிக் கடிகாரம் காட்டும் நேரம். அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ, இந்தியாவைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மாலை ஆறரையிலிருந்து பன்னிரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் அதே ஞாயிறு காலை ஆறு மணி. அந்தச் செய்தியை அப்படியே நம்பி அத்தை தம் ஊரின் மாலை ஆறரைக்கு வந்திருந்தால், மொழி தெரியாத இடத்தில் பாட்டி பன்னிரண்டரை மணி நேரம் தனியே காத்திருந்திருப்பார்.

நல்லவேளையாக அச்செய்தி சென்றபோது அத்தையின் ஊரில் வெள்ளிக்கிழமை நள்ளிரவு, அவர் உறங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுவதற்கு முன்பே திருத்திய செய்தியும் போய்ச் சேர்ந்தது.

உருண்டையும் நூலும்

"அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது?" என்று பாட்டி கேட்டார். எளிய கேள்விதான். விடை அவ்வளவு எளிதன்று.

சுவரில் மாட்டிய உலகப்படத்தில் தில்லியையும் சான் பிரான்சிஸ்கோவையும் ஓர் அளவுகோலால் இணைக்கலாம். கிழக்கு நோக்கிச் சென்றால் சீனா, ஜப்பான், பசிபிக் பெருங்கடல் ஆகியவற்றைக் கடந்து கோடு நீளும். அந்தக் கோட்டின்படியே பறந்தால் ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆனால் உலகப்படம் தட்டையானது, பூமி உருண்டையானது. ஆரஞ்சுத் தோலை மேசைமேல் விரித்தால் அது கிழியும். கிழியாமல் விரித்துக் காட்ட, படம் வரைபவர் சில இடங்களை இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. வட துருவத்தை நெருங்க நெருங்க அந்த இழுப்பு மிகுதியாகும்.

ஆகவே, நிலவுருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையைத் தில்லியிலும் மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். நூல் ஜப்பான் பக்கம் போகாது. நேரே வடக்கே ஏறி, நடு ஆசியாவையும் சைபீரியாவையும் கடந்து, ஆர்க்டிக் பெருங்கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். பாட்டியின் கேள்விக்கு நூல் தரும் விடை: அமெரிக்கா கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை, பெரும்பாலும் வடக்கில் இருக்கிறது!

இறுக்கிய நூல் காட்டும் இப்பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியை இரு சம பாதிகளாக வெட்டும் வட்டம் பெருவட்டம். உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, எப்போதும் ஒரு பெருவட்டத்தின் பகுதியாகவே அமையும். தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே அதன் நீளம் ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். உலகப்படத்தில் நேராகத் தெரிந்த கோட்டைவிட இது 2,600 கிலோமீட்டர் குறைவு. தில்லியிலிருந்து சென்னைக்கு ரயில் செல்லும் தொலைவே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்தால் அந்த மிச்சம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

நீளமான வழி, குறைந்த நேரம்

குறுகிய பாதை தெரிந்துவிட்டால் எல்லா விமானங்களும் அதிலேயே பறக்க வேண்டுமல்லவா? அப்படிப் பறப்பதில்லை.

ஏர் இந்தியா நிறுவனம் தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நேரடி விமானத்தை 2015 டிசம்பரில் தொடங்கியது. அப்போது விமானம் மேற்கு நோக்கி, ஐரோப்பாவையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து சென்றது. அவ்வழியின் நீளம் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் வழியை மாற்றிப் பசிபிக் பெருங்கடலின் மேல் பறக்கத் தொடங்கினார்கள். புதிய வழியின் நீளம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். அதாவது 1,400 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் பயண நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்து பதினான்கரை மணி ஆயிற்று.

காரணம் காற்று. பூமியின் நடுக்கோட்டுப் பகுதியில் சூடேறிய காற்று மேலெழுந்து துருவங்களை நோக்கி நகர்கிறது. நடுக்கோட்டில் தரை, பூமியின் சுழற்சியால் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடுகிறது. தில்லி இருக்கும் அட்சக்கோட்டுப் பகுதியில் அந்த வேகம் ஏறத்தாழ 1,470 கிலோமீட்டர்தான். நடுக்கோட்டிலிருந்து வரும் காற்று தன் பழைய வேகத்தின் பெரும்பகுதியை விடாமல் கொண்டுவருவதால், அது தரையை முந்திக்கொண்டு கிழக்கு நோக்கி விரைகிறது. விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் ஆறு போலக் குறுகி ஓடும் இக்காற்றை ஜெட் காற்றோட்டம் என்பர். குளிர்காலத்தில் அது மேலும் வலுக்கும்.

தமிழர் காற்றை, அது வரும் திசையைக் கொண்டு பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து வருகிறது. அந்த முறைப்படி பார்த்தால் அதுவும் ஒரு கோடைக்காற்றே, குளிர்காலத்தில் வலுத்தாலும்!

இனி ஒரு கணக்கு. காற்றே இல்லாதபோது விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறப்பதாகக் கொள்வோம். வழி மாற்றப்பட்டபோது எதிர்பார்க்கப்பட்ட காற்றின் அளவுகள் இவை: அட்லாண்டிக் வழியில் மணிக்கு 24 கிலோமீட்டர் எதிர்க்காற்று; பசிபிக் வழியில் மணிக்கு 138 கிலோமீட்டர் பின்காற்று.

அட்லாண்டிக் வழியில் உண்மையான வேகம் 900 − 24 = 876. எனவே 13,900 ÷ 876, ஏறத்தாழ 15 மணி 52 நிமிடம்.

பசிபிக் வழியில் உண்மையான வேகம் 900 + 138 = 1,038. எனவே 15,300 ÷ 1,038, ஏறத்தாழ 14 மணி 44 நிமிடம்.

ஏறுவதும் இறங்குவதும் காற்று மாறுவதும் சேர்ந்து உண்மைப் பயணத்தில் நேரம் சற்றுக் கூடும், குறையும். எனினும் நீளமான வழி முந்திவிடுகிறது என்பதைக் கணக்கே காட்டுகிறது. நேரம் குறைந்தால் எரிபொருளும் குறையும்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து திரும்பும்போது அதே வழியே வந்தால் உதவிய காற்றே எதிரியாகிவிடும். ஆகவே திரும்பும் விமானம் மேலும் கிழக்கே, அமெரிக்காவையும் அட்லாண்டிக்கையும் கடந்து தில்லியை அடைந்தது. இவ்வாறு சென்று வரும் பயணி ஒரு தடவைகூட மேற்கே திரும்பாமல் உலகையே சுற்றி வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

இக்காற்றை முதலில் ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி. 1920களில் டோக்கியோவுக்கு வடகிழக்கிலுள்ள தாதேனோ என்னுமிடத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் போக்கை அளந்தார். தம் அறிக்கையை 1926ஆம் ஆண்டு வெளியிட்டார். உலகத்தார் அனைவரும் படிக்க வேண்டும் என்று விரும்பி, எஸ்பெராண்டோ என்னும் உருவாக்கப்பட்ட பொதுமொழியில் எழுதினார். அம்மொழி அறிந்தோர் சிலரே. அதனால் அவருடைய கண்டுபிடிப்பு ஜப்பானுக்கு வெளியே நெடுங்காலம் கவனம் பெறவில்லை.

வானிலும் எல்லைகள் உண்டு

குறுகிய பாதையையும் காற்றையும் மட்டும் பார்த்து விமானி வழியை முடிவு செய்துவிட முடியாது. ஒவ்வொரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வானம் அந்நாட்டுக்கு உரியது. 2022ஆம் ஆண்டு உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்யா, அமெரிக்காவையும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றையும் சேர்ந்த விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. இந்திய விமானங்களுக்கு அந்தத் தடை இல்லை.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். இயந்திரம் ஒன்று பழுதானால் எங்கே இறங்குவது? 2023 ஜூன் 6ஆம் நாள் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட விமானம் ஒன்றுக்கு இந்த நிலை வந்தது. அதில் 216 பயணிகளும் 16 பணியாளர்களும் இருந்தனர். இயந்திரக் கோளாறு தெரிந்ததும் விமானி, ரஷ்யாவின் தூரக்கிழக்கில் ஒகோட்ஸ்க் கடலோரம் உள்ள மகதான் நகர விமான நிலையத்தில் பத்திரமாக இறக்கினார். பெருவட்டப் பாதைக்குத் தெற்கே, பசிபிக் வழிக்கு வடக்கே இருக்கும் ஊர் அது. பலர் அதுவரை அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. பயணிகள் தற்காலிகத் தங்குமிடங்களில் தங்கவைக்கப்பட்டனர். மும்பையிலிருந்து மாற்று விமானம் ஒன்று சென்று அவர்களை ஏற்றிக்கொண்டது. குறுகிய வழி, ஆளில்லாத வழியாகவும் இருக்கலாம் என்பதால், வழியில் இறங்கத்தக்க நிலையங்கள் எவையெவை என்பதைப் புறப்படும் முன்பே குறித்துவைக்கிறார்கள்.

தொலைந்த நாள், கிடைத்த நாள்

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. கிழக்கே செல்லச் செல்ல ஒவ்வொரு 15 பாகைக்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். இப்படித் தள்ளிக்கொண்டே உலகைச் சுற்றி வந்தால் ஒரு நாள் கூடிவிடும். அதைச் சரிசெய்யவே பசிபிக் பெருங்கடலின் நடுவில், ஏறத்தாழ 180 பாகைத் தீர்க்கக்கோட்டை ஒட்டி, பன்னாட்டுத் தேதிக்கோடு வகுக்கப்பட்டுள்ளது. அதைக் கிழக்கு நோக்கிக் கடப்பவர் நாட்காட்டியில் ஒரு நாள் பின்னே செல்வார்.

துருவ வழியில் பறந்தால் இது வேறு வகையாக வெளிப்படும். 2021 ஜனவரி 9ஆம் நாள் இரவு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஒன்று, வட துருவத்தின் மேல் பறந்து, 11ஆம் நாள் அதிகாலை பெங்களூருவில் இறங்கியது. விமானி அறையில் இருந்த அனைவரும் பெண்கள். தலைமை ஏற்றவர் கேப்டன் ஸோயா அகர்வால். பறந்த நேரம் ஏறத்தாழ 17 மணிதான். ஆனால் பயணிகளின் நாட்காட்டியில் 10ஆம் தேதியைத் தரையில் கழித்தவர் ஒருவரும் இல்லை.

தில்லி வீட்டில் ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கைபேசி ஒலித்தது. அத்தை பேசினார், பிறகு பாட்டியிடம் கொடுத்தார்.

"வந்து சேர்ந்துவிட்டேன், கண்ணு. உன் அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். இங்கே இப்போதுதான் விடிகிறது."

"இங்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது, அப்பத்தா."

"காலையில் விமானம் ஏறிச் சிறிது நேரத்தில் சன்னல் வழியே விடியலைப் பார்த்தேன். அதற்குள் இருட்டிவிட்டது. இப்போது மறுபடி விடிகிறது. இது திங்கட்கிழமைதானே?"

"இல்லை. அதே ஞாயிற்றுக்கிழமைதான்."

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் நேற்றுப் போட வேண்டிய இரவு மாத்திரை எந்த இரவுக்கு உரியது?" என்று கேட்டார். பேத்திக்கு விடை தெரியவில்லை. அப்பா கைபேசியை வாங்கி, மருத்துவரிடம் கேட்டுவிட்டு உடனே அழைப்பதாகச் சொன்னார்.

சொற்பொருள்

அப்பத்தா – தந்தையின் தாய்
நடுக்கோடு – பூமியை வட, தென் பாதிகளாகப் பிரிக்கும் கற்பனைக் கோடு
அட்சக்கோடு – கிழக்கு மேற்காகச் செல்லும் கற்பனைக் கோடு
தீர்க்கக்கோடு – வடக்குத் தெற்காகச் செல்லும் கற்பனைக் கோடு
பாகை – கோணத்தின் அளவு
எதிர்க்காற்று – முன்னிருந்து வீசித் தடுக்கும் காற்று
பின்காற்று – பின்னிருந்து வீசி உந்தும் காற்று

பயிற்சி

1. அப்பா அனுப்பிய செய்தியைப் பிழை நீக்கி, அத்தை குழப்பமின்றிப் புரிந்துகொள்ளும்படி மூன்று தொடர்களில் எழுதுக. எந்த ஊர் நேரம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

2. பாட்டி ஜனவரியில் திரும்புகிறார். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ, இந்தியாவைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அவர் புதன்கிழமை காலை 10 மணிக்குப் புறப்பட்டு 16 மணி நேரம் பறந்தால், அப்பா எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தில்லி விமான நிலையத்தில் இருக்க வேண்டும்?

3. மகதானிலிருந்து மாற்று விமானம் 2023 ஜூன் 8 காலை 10:27 மணிக்குப் புறப்பட்டு, அதே ஜூன் 8 நள்ளிரவு கழிந்து 7 நிமிடத்தில் (0:07) சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது. மகதானின் கடிகாரம் 18 மணி நேரம் முந்தியது. விமானம் பறந்த நேரம் எவ்வளவு? புறப்படும் முன்பே இறங்கியது போலத் தோன்றுவது ஏன்?

4. விட்டம் 30 செ.மீ. உள்ள நிலவுருண்டையில் 1 செ.மீ. நூல் ஏறத்தாழ 425 கிலோமீட்டரைக் குறிக்கும். உங்கள் பள்ளி இருக்கும் ஊருக்கும், உங்கள் உறவினர் வாழும் தொலைவான ஊர் ஒன்றுக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடித்து அளந்து தொலைவைக் கூறுக. நூல் எந்தெந்த நாடுகளின் மேல் செல்கிறது?

5. எழுத்தால் எழுதுக: 1½ (ஒன்றரை), 5½, 12½, 13½, 14½, 2¼, 3¾.

6. பாட்டி கேட்ட மாத்திரைக் கேள்வியை, மருத்துவருக்கு எழுதும் கடிதமாக ஐந்து தொடர்களில் எழுதுக. புறப்பட்ட நேரம், பறந்த நேரம், இறங்கிய நேரம் மூன்றும் அதில் இடம்பெற வேண்டும்.